ஆறு அங்குலப் பேய்: சுவாமிமலை வார்ப்பில் காரைக்கால் அம்மையார்

எங்கள் வீட்டுப் பூசையறையில் மாமனார் காலத்து நடராசர் ஒருவர் இருக்கிறார். சுற்றியுள்ள சுடர்வளையமான திருவாசியோடு சேர்த்துப் பதினைந்து அங்குல உயரம். அவருடைய தூக்கிய திருவடிக்கு நேர் கீழே, பீடத்தை ஒட்டி, ஒரு சாண் இடம் பல வருடங்களாகக் காலியாகவே கிடந்தது. விளக்கு வைத்தால் திருவாசியில் புகை படிகிறது, பூத்தட்டு வைத்தால் கை இடிக்கிறது. அந்த இடத்துக்கு உரியவர் யார் என்பது, வாரந்தோறும் திருமுறை ஓதும் எங்கள் சிறு குழுவில் பெரிய புராணம் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அழகுருவைத் துறந்து பேயுருக் கொண்ட சிவனடியாரான காரைக்கால் அம்மையார் கயிலையில் வரம் கேட்கிறார். பிறவாமை வேண்டும், மீண்டும் பிறப்புண்டேல் மறவாமை வேண்டும் என்று சொல்லிவிட்டு, இன்னும் ஒன்று வேண்டும் என்கிறார்: ‘நான் மகிழ்ந்து பாடி, அறவா, நீ ஆடும்போது உன் அடியின்கீழ் இருக்க.’ இப்படி இடம் குறிப்பிட்டுக் கேட்டவருக்கு எங்கள் வீட்டில் இடம் இருந்தும் ஆள் வராமல் போனது குறையாகவே பட்டது. அந்தக் குறையைத் தீர்க்க இரண்டு முறை சிலை வாங்கினேன். இந்த மதிப்புரை இரண்டாவது சிலையைப் பற்றியது; முதலாவதைப் பற்றி ஒரு பத்தி போதும்.

முதலாவதை இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 1,450 ரூபாய்க்கு வாங்கினேன். ‘பித்தளை காரைக்கால் அம்மையார், கையில் தாளத்துடன்’ என்று விவரம் போட்டிருந்தார்கள். பெட்டியைப் பிரித்தால் கொண்டையும் திருநீறும் மடிப்புப் புடவையுமாக, நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த ஒரு பாட்டி சிரித்துக்கொண்டு நின்றார். வலது கை, ஊன்றுகோலைப் பிடிப்பதற்கு வாகாக மடங்கியிருந்தது. அந்த விரல்களுக்கிடையில் ஒரு தாளத்தைப் பற்றவைத்திருந்தார்கள். கீழே பீடத்தில் கோல் ஊன்றியிருந்த இடத்தை அரத்தால் தேய்த்த தழும்பு அப்படியே தெரிந்தது. அது ஔவையார் அச்சு. தமிழில் பாடிய மூதாட்டி யாராக இருந்தாலும் ஒரே அச்சு போதும் என்று முடிவுசெய்த வியாபாரியிடம் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. கோல் இழந்த அந்த ஔவையார் இப்போது என் பேத்தியின் படிப்பு மேசையில் இருக்கிறார். அவருக்கு அது பொருத்தமான இடந்தான்.

அந்த ஏமாற்றத்தில் ஒரு நன்மை உண்டு. அம்மையார் சிலையை எதைக்கொண்டு மதிப்பிடுவது என்று யோசிக்க வேண்டியதாயிற்று. வேறு எந்த நாயன்மாருக்கும் இல்லாத ஒரு வசதி இவர் விஷயத்தில் இருக்கிறது. தம்முடைய உருவம் எப்படிப்பட்டது என்பதற்கு அவருடைய பாட்டிலேயே அளவுகோல் கிடைக்கிறது. ஆறாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவர் என்று பொதுவாகக் கொள்ளப்படும் இவருடைய பாடல்கள் பதினோராம் திருமுறையில் உள்ளன: அற்புதத் திருவந்தாதி 101, திருஇரட்டை மணிமாலை 20, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் சேர்ந்து 22, ஆக 143. இவற்றில் புனிதவதி என்ற அவருடைய இயற்பெயர் எங்கும் இல்லை. இறைவன் அவருக்குத் தந்த மாம்பழமும் இல்லை, கணவன் பரமதத்தனும் இல்லை. அவையெல்லாம் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்லி நாம் அறிந்தவை. அம்மையார் தம்மைக் குறிப்பிட நேரும்போது ‘காரைக்காற் பேய்’ என்றுதான் கையெழுத்திடுகிறார். ‘செடிதலைக் காரைக்காற் பேய்’ என்று ஓரிடத்தில், ‘கனல்வாய் எயிற்றுக் காரைக்காற் பேய்’ என்று இன்னோரிடத்தில். புதர் போன்ற தலை. நெருப்பு வாயும் பல்லும். மூத்த திருப்பதிகத்தின் முதல் பாட்டிலோ ஒரு பெண்பேயின் அங்க அடையாளம் முழுவதும் வரிசையாக வருகிறது:

கொங்கை திரங்கி நரம்பெழுந்து குண்டுகண் வெண்பற் குழிவயிற்றுப்
பங்கி சிவந்திரு பற்கள் நீண்டு பரடுயர் நீள்கணைக் காலோர் பெண்பேய்

வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண், வெண்பல், ஒட்டிய வயிறு, செம்பட்டைத் தலை, நீண்ட இரண்டு பற்கள், பரடு என்னும் கணுக்கால் எலும்பு உயர்ந்த, நெடிய கணைக்கால். சிற்பிக்கு எழுதிக் கொடுத்த பட்டியல் போலவே இருக்கிறது. இதைத்தான் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, சிலை வார்ப்புக்குப் பேர்போன சுவாமிமலைக்குப் போனேன்.

அங்கே பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. நான் போனது கடைத்தெருவில் பளபளப்பாக இருக்கும் காட்சியகங்களில் ஒன்றுக்கு அல்ல; உள்தெருவில் தகப்பனும் மகனுமாக வேலை செய்யும் ஒரு சின்னப் பட்டறைக்கு. பெயரைக் குறிப்பிடப்போவதில்லை, குறையும் சொல்ல இருப்பதால். அவர்களிடம் தயாராக இருந்த அம்மையார், முதல் பித்தளைப் பாட்டியைவிட மெலிந்தவர், அவ்வளவுதான். சம்மணமிட்டு உட்கார்ந்து தாளம் போடும் ஒரு சாந்தமான கிழவி. நான் தாளை நீட்டினேன். பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“பாட்டு எனக்கும் தெரியும்மா. அப்படிச் செஞ்சா யாரு வாங்குறா? வீட்டுல பேயை வைக்கலாமான்னு கேக்குறாங்க. எலும்பு தெரியக் கூடாது, பல்லு தெரியக் கூடாதுன்னு சொல்லித்தான் ஆர்டரே குடுக்குறாங்க.”

“நான் தெரியணும்னு சொல்லித்தாங்க ஐயா கேக்குறேன்” என்றேன். அவர் சிரித்தார். மகனைக் கூப்பிட்டு, “இந்தம்மாவுக்கு எலும்பு வேணுமாம்டா” என்றார்.

ஆறு அங்குல உயரம், உட்கார்ந்த கோலம், பீடத்தோடு ஒன்றாக வார்த்தது, 7,200 ரூபாய், 45 நாளில் தருவதாகப் பேச்சு. பாதிப் பணம் முன்பணம். பஞ்சலோகம் என்று எல்லாரும் சொன்னாலும், இந்த அளவுச் சிலையில் செம்பும் பித்தளையும் ஈயமுமே உண்டு. பொன்னும் வெள்ளியும் வேண்டுமென்றால் நாமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், உருக்கும்போது நம் கண்முன் போடுவார்கள். இதை அவர்களே மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது. நான் ஒரு பழைய வெள்ளி மெட்டியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்தப் பட்டறையை நான் பரிந்துரைப்பதற்கான முதல் காரணம் சிலை அல்ல, மெழுகு. சுவாமிமலை முறையில் முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையில் உருவத்தைச் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி நிழலில் காயவைத்து, மேலும் மண் பூசி, கம்பி கட்டி, பின்பு சூடாக்கி மெழுகை ஒழுகவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும் என்பதால் ஒரு மண் அச்சுக்கு ஒரு சிலைதான். திருத்தம் சொல்ல வேண்டுமானால் மெழுகில் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். உலோகமான பிறகு உளியால் குறைக்க முடியும், கூட்ட முடியாது. மகன் மெழுகுருவத்தை நான்கு பக்கமும் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினார். தோள் அகலம் என்று சொன்னேன்; மறுநாள் குறைத்து அனுப்பினார். பரடு தெரியவில்லை என்றேன். ஒரு சிறு மெழுகு உருண்டையை உருட்டி ஒட்டி, அழுத்தி, அதையும் படமெடுத்து அனுப்பினார். மூன்று முறை திருத்தியும் அவர் குரலில் சலிப்பு வரவில்லை. கண்ணால் பார்க்காத ஒரு பெண்மணியின் கணுக்கால் எலும்பைப் பற்றி இரண்டு பேர் தொலைபேசியில் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

சிலை வந்தபோது நான் முதலில் பார்த்தது முதுகை. அதற்குக் காரணம் உண்டு. நடராசரைப் பார்த்தவாறு அவரை உட்காரவைப்பதாக இருந்தால், கும்பிடுகிறவர்களுக்கு அவருடைய முதுகும் ஒரு பக்கக் கன்னமும்தான் தெரியும். பெரும்பாலான சிறு சிலைகளில் முதுகு, அரம் போட்டு வழவழப்பாக்கிய ஒரு தகடுதான். இதில் முதுகெலும்பு கழுத்தடியிலிருந்து இடுப்பு வரை ஒவ்வொரு கணுவாக இறங்குகிறது. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று இருக்கிறது. உடற்கூற்றுக் கணக்குப்படி போதாதுதான், ஆனால் விரலால் தடவினால் பனை ஓலைக் குருத்தின் நரம்பைத் தடவுவது போல இருக்கிறது. தோள்பட்டை எலும்பு இரண்டும் சிறகு முளைக்கப்போவது மாதிரி புடைத்து நிற்கின்றன. முன்பக்கம் காறை எலும்புக்கு மேல் ஒரு குழி. அதில் ஒரு சொட்டு எண்ணெய் தங்கும். விலாவெலும்புகளை உளியால் கீறிக் கோடாகக் காட்டாமல் மெழுகிலேயே கயிறு திரித்து ஒட்டியிருக்கிறார்கள் என்பதால், ஒவ்வொன்றுக்கும் இடையில் உண்மையாகவே பள்ளம் இருக்கிறது. விளக்கொளி பக்கவாட்டில் விழும்போது அந்தப் பள்ளங்களில் நிழல் ஏறுகிறது. கணைக்கால் நீளம். பரடு உயர்ந்திருக்கிறது, மெழுகுருண்டைக்குச் செலவிட்ட அரைமணி நேரம் வீண்போகவில்லை. பட்டியலில் ‘நரம்பெழுந்து’, ‘பரடுயர் நீள்கணைக்கால்’ இரண்டுக்கும் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

வயிறு வரும்போது கைக்குத் தயக்கம் வந்திருக்கிறது. குழிவயிறு என்று கேட்டிருந்தேன். தட்டை வயிறு வந்திருக்கிறது. விலாவுக்குக் கீழே சட்டென்று உள்ளே போக வேண்டியது, ஏதோ ஒருவேளைச் சோறாவது உண்டவர் வயிறு போல நிற்கிறது. மார்பைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘கொங்கை திரங்கி’ என்று தொடங்கும் பாட்டு அது. அந்தப் பதிகத்திலேயே இன்னொரு பேய்த்தாய் வருகிறாள். பிள்ளைக்குக் காளி என்று பெயரிட்டு, சீராக வளர்த்து, புழுதி துடைத்து, முலை கொடுத்துவிட்டு எங்கோ போய்விடுகிறாள். தாய் வரக் காணாமல் பிள்ளை அழுது உறங்கிவிடுகிறது. சுடுகாட்டில் நடக்கும் இந்தக் குடும்பக் காட்சியைப் படித்தவர்களுக்கு, வற்றிய மார்பு என்பது அருவருப்புக்காகச் சொன்னதல்ல என்று தெரியும். பெரியவர் இந்த இடத்தில் ஒரு மேலாடையைக் குறுக்கே போட்டுத் தப்பித்துக்கொண்டார். மெழுகுப் படத்தில் அது இல்லை. மண் பூசுவதற்கு முந்தைய நாள், என்னைக் கேட்காமல், ஒரு மெல்லிய மெழுகுத் தாளை இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு ஒட்டியிருக்கிறார். தொலைபேசியில் கேட்டபோது, “பூசையறையில வைக்கிறதும்மா, மனசு கேக்கலை” என்றார். அவருடைய மனத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் சொல்லிவிட்டுச் செய்திருக்க வேண்டும். ஆடையின் கீழ் ஓரம் விலாவெலும்புகளில் இரண்டை மறைக்கிறது. அந்த அருமையான வேலைக்கு அவரே போட்ட திரை அது.

பழைய சோழர் காலத்துச் செப்புத்திருமேனிகளைச் செய்தவர்களுக்கு இந்தத் தயக்கம் இருந்ததில்லை. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அம்மையாரும், கான்சஸ் சிட்டியின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இருப்பவரும், வற்றிய உடம்பை எந்த மன்னிப்பும் கேட்காமல் காட்டிக்கொண்டு தாளத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் தென்புறச் சுவரில் ஆடும் இறைவனின் காலடியில் பாருங்கள். வாத்தியக்காரர்களுக்கு நடுவே எலும்பும் தோலுமாக ஓர் உருவம் இருக்கும். சுவாமிமலையிலிருந்து அந்த ஊர் ஒருமணி நேரப் பயணத்துக்குள்தான். பட்டறைக்காரர்கள் ஒருமுறை போய் அதன் முன்னால் நின்றுவிட்டு வந்தால் மேலாடைக்கு மெழுகு வீணாகாது.

முகம்தான் இந்தச் சிலையின் சிக்கலான பகுதி. நான் எத்தனை நாள் பார்த்தாலும் தீர்மானமாகச் சொல்ல முடியாமல் இருப்பதும் அதுதான். குண்டுகண்ணைக் குழித்துவிட்டார்கள், புருவ எலும்புக்குக் கீழே கண் ஆழத்தில் இருக்கிறது, நன்று. கன்னம் ஒட்டியிருக்கிறது. ஆனால் பல் இல்லை. ‘வெண்பல்’ என்றும் ‘இரு பற்கள் நீண்டு’ என்றும் ஒரே பாட்டில் இரண்டு முறை பல் வருகிறது. கையெழுத்து வரியிலும் ‘எயிறு’ வருகிறது. இவ்வளவு சொல்லியும் உதடு மூடிய புன்னகைதான் வாய்த்திருக்கிறது. அம்மையாரின் பேய்கள் அப்படிச் சிரிப்பவை அல்ல. ஒரு பேய் கள்ளியின் கவட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, எரிந்த கொள்ளியை எடுத்து மசித்து மை கூட்டி, கண்ணுக்கு எழுதிக்கொண்டு, ‘வெடுவெடென்ன நக்கு’, அதாவது சிரித்து, நிற்கிறது. ஒப்பனை முடித்த பெண்ணின் மகிழ்ச்சி அந்த ‘வெடுவெடென்ன’வில் இருக்கிறது. அந்தச் சிரிப்பை ஆறு அங்குலத்தில் கேட்பது அதிகம் என்று எனக்கும் தெரியும். ஆறு அங்குலச் சிலையில் முகம் ஒரு அங்குலத்துக்கும் குறைவு. வாய் என்பது இரண்டு அரிசி அகலம். அந்த அகலத்தில் பல் எடுத்தால் மூதாட்டி சிரிக்கிறாரா சீறுகிறாரா என்பது ஒரு உளிவெட்டில் மாறிவிடும் என்று மகன் சொன்னார். சொன்னது நியாயம். ஆனால் மூடிய வாய்க்கு இன்னொரு விலை இருக்கிறது. இவர் பாடுகிறவர். மகிழ்ந்து பாடி அடியின்கீழ் இருக்க வேண்டும் என்று கேட்டவர். வாயை மூடிக்கொண்டு தாளம் மட்டும் போடுகிறவரை, பாட்டு முடிந்து கடைசி ஆவர்த்தனத்தில் இருக்கிறார் என்று நினைத்துத் தேற்றிக்கொள்ளலாம்.

தாளத்தைப் பற்றிக் குறை சொல்லவே முடியாது, அதாவது வந்து சேர்ந்தபோது ஒன்றின் விளிம்பு வளைந்திருந்ததை மன்னித்துவிட்டால். சிற்பிகளின் பேச்சில் ‘தாளம்’ என்றால் முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்ட அளவு; தெய்வத் திருமேனிகளுக்கு உத்தம தசதாளம் என்று கணக்கு. ஓலையை அந்த அளவுக்கு மடித்து வைத்துக்கொண்டு அங்கம் பிரிப்பார்கள். இந்தத் தாளமும் அந்தத் தாளமும் ஒன்றாக வரும் சிலை இது என்று பெரியவரிடம் சொன்னபோது, அவர் தொழிலில் நாற்பது வருடம் கேட்டுப் பழகிய சிலேடை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. இடது கைத் தாளம் மல்லாந்தும், வலது கைத் தாளம் அதன்மேல் விழுவதற்கு ஒரு நெல் இடைவெளியில் நிற்பதுமாக வார்த்திருக்கிறார்கள். அந்த நெல் இடைவெளியில்தான் சிலைக்கு உயிர் இருக்கிறது. மூடிய தாளமாக இருந்தால் வெறும் பொருள். அகல விரித்த தாளமாக இருந்தால் வெறும் பாவனை. துத்தம், கைக்கிளை, விளரி, தாரம் என்று சுரங்களையும், சச்சரி, கொக்கரை, தக்கை, தகுணிதம், துந்துபி, தாளம், வீணை, மத்தளம் என்று வாத்தியங்களையும் ஒரே மூச்சில் அடுக்கிய இசைக்காரி கையில் அது சரியாக இருந்தே ஆக வேண்டும், இருக்கிறது. மணிக்கட்டு நரம்புகூடத் தெரிகிறது.

தலைமுடியில் சமரசம். ‘செடிதலை’ என்றால் பரட்டை. இவர்கள் கொடுத்திருப்பது வகிடெடுக்காமல் பின்னால் தள்ளிய, ஓரளவு ஒழுங்கான கற்றைகள். புதர் அல்ல, கத்தரித்த வேலி. பின்னந்தலையில் மட்டும் இரண்டு கற்றை பிரிந்து தோளில் விழுகிறது, அங்கே கொஞ்சம் காடு தெரிகிறது.

இனி, வாங்க நினைப்பவர்கள் கேட்கும் விஷயங்கள். எடை 1 கிலோ 400 கிராம். உள்ளே பொள்ளல் இல்லாத கன வார்ப்பு, கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கிறது. பளபளப்பாகத் தீட்டியும் தருவார்கள், கருமை ஏற்றியும் தருவார்கள். கருமை ஏற்றியதையே எடுத்துக்கொள்ளுங்கள். தீட்டினால் விலாப் பள்ளங்களில் வெளிச்சம் ஓடி, எலும்பு வேலை முழுவதும் அழிந்துபோகும். கருமை ஏற்றிய சிலையைப் புளி போட்டுத் துலக்கக் கூடாது. மெல்லிய துணியால் துடைத்து, எப்போதாவது ஒரு துளி தேங்காய் எண்ணெய். பீடத்தின் அடிப்புறத்தைச் சமமாக ராவவில்லை, வைத்தால் ஒரு மூலை ஆடுகிறது. 45 நாள் என்றது 78 நாளானது. மழையில் மண் காயவில்லை என்பது முதல் காரணம், கும்பாபிஷேக வேலை வந்துவிட்டது என்பது இரண்டாவது. முதலாவதை நம்பினேன். கட்டி அனுப்பியதில்தான் அலட்சியம். வைக்கோலும் தெர்மாகோலும் தாராளம், ஆனால் சிலையிலேயே நுட்பமான பகுதியான தாளத்துக்குத் தனிப் பொதிவு இல்லை. அதனால்தான் விளிம்பு வளைந்தது. திருப்பி அனுப்பினால் சரிசெய்து தருவதாகச் சொன்னார்கள். நான் அனுப்பவில்லை, வெண்கலத்தை நானே நிமிர்த்திப் பார்க்கும் துணிச்சலும் இல்லை. கூரியர் 350 ரூபாயைப் பேச்சின்போது சொல்லாமல் கடைசியில் சேர்த்தார்கள்.

விலை அதிகமா என்று கேட்டால், இல்லை என்பேன். தயார் நிலையில் இருந்த சாந்தமான கிழவிக்கே 5,800 சொன்னார்கள். மூன்று முறை மெழுகைத் திருத்தியதற்கும், முதுகில் பதினொரு கணு எடுத்ததற்கும் மேலே கொடுத்த 1,400 ரூபாய் கூலிக்குக்கூடக் காணாது.

வீட்டில் பேய் வைக்கலாமா என்ற கேள்வி எங்களுக்கும் வந்தது. எண்பத்திரண்டு வயதான என் மாமியார் என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டேதான் பெட்டியைப் பிரித்தேன். கோவில்களில் அறுபத்து மூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க இவர் மட்டும் உட்கார்ந்திருப்பதைச் சிறுவயதிலிருந்தே பார்த்தவர் அவர். ஆனால் பூவும் துணியும் சாத்திய கோலத்தில்தான் பார்த்திருக்கிறார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விலாவை விரலால் தொட்டார். “ஐயோ, இப்படியா இருந்தா? ஒரு மாம்பழமாவது நறுக்கி வைடீ” என்றார். அது மாசி மாதம், மாம்பழத்துக்கு நான் எங்கே போவேன்? ஆனி பௌர்ணமியில் காரைக்கால் மாங்கனித் திருவிழாவில், மாடியிலிருந்தும் கூட்டத்துக்குள்ளிருந்தும் மாம்பழத்தை இறைக்கிறார்களே, அந்த நாளில் இவருக்கும் ஒன்று என்று சொல்லிவைத்தேன். பேய் என்ற சொல்லை மாமியார் இதுவரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சிலைக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ‘அம்மா’. கயிலையில் இறைவன் அழைத்ததும் அந்தப் பெயரில்தானே. ஆக, எலும்பு தெரிந்தால் வீட்டுப் பெரியவர்கள் ஏற்கமாட்டார்கள் என்ற பட்டறைக் கணக்கு எங்கள் வீட்டில் செல்லவில்லை. பட்டறைப் பெரியவருக்கு இதைத் தொலைபேசியில் சொன்னேன். அடுத்த ஆள் கேட்டால் பல்லோடு செய்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்த அடுத்த ஆள் நீங்களாக இருந்தால், மேலாடை வேண்டாம் என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள், வாய்ப்பேச்சு போதாது.

ஒரு குறையை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன், மெழுகுப் படங்களில் நான் கவனிக்கத் தவறியதால் அதில் என் பங்கும் உண்டு. முகம் நேராகப் பார்க்கிறது. தனியாக வைத்துக் கும்பிடுகிறவர்களுக்கு அது சரி. அம்மையார் நம்மைப் பார்ப்பார். ஆனால் ஆடுகிறவரின் அடியின்கீழ் உட்கார்ந்தவர் நேராகப் பார்த்தால் அவர் பார்வையில் நடராசர் மிதித்திருக்கும் முயலகனின் முதுகுதான் விழும். முதல் நான்கு நாள் அப்படித்தான் இருந்தது. எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஐந்தாம் நாள், ஆடுகிற அந்தப் பீடத்தைச் சரிசெய்ய அட்டை தேடியபோது, முன்பக்கத்து இரண்டு மூலைகளிலும் ஒவ்வொரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துப் பார்த்தேன். ஆட்டம் நின்றது. சிலை ஒரு விரற்கடை பின்னால் சாய்ந்தது. முகவாய் உயர்ந்து, குழிந்த கண்கள் இரண்டும் தூக்கிய திருவடியின் அடிப்பாகத்தில் போய் நின்றன.